மௌன வகுப்பறையும் மலர்க்கொடியின் தொண்டையும்

"எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா உள்ள இழுங்க. இப்ப வாய்விட்டு, சத்தமா, மனசாரச் சொல்லுங்க: நான் மகிழ்ச்சியான ஆசிரியர்!"

சொன்னவர் சென்னையிலிருந்து வந்திருந்த வல்லுநர். என் மகனைவிடச் சின்னவர். சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, மேடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில், புரட்டாசி வெயிலில் வெந்துகொண்டிருந்தோம். அது ஒரு சனிக்கிழமை. வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, துணி துவைக்கவும் வீட்டைக் கூட்டவும் இருந்த நாள். அந்த நாளைப் பிடுங்கிக்கொண்டு, மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பயிற்சியின் பெயர் "ஆசிரியர் நலனும் பணிசார் வளர்ச்சியும்". எந்த ஊர், எந்த மண்டபம் என்று எழுத மாட்டேன். யாருக்காவது கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மண்டபமே அதிர, "நான் மகிழ்ச்சியான ஆசிரியர்" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியைப் பார்த்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கையால் தொண்டையைப் பிடித்திருந்தாள்.

வல்லுநர் அதைக் கவனித்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார்.

"மேடம், நீங்க மட்டும் சொல்லலையே? உங்க மனசுல ஏதோ ஒரு தடை இருக்கு. அதை உடைச்சு வெளிய வாங்க."

"தடை மனசுல இல்லீங்க தம்பி, தொண்டையில இருக்கு" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மலர்க்கொடியின் கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, "டென்ஷன் வந்தா இதை அமுக்குங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேடை ஏறினார். அடேங்கப்பா, தொண்டைக்கு எப்பேர்ப்பட்ட வைத்தியம்!

போன வாரம் இந்தப் பத்தியில் சத்துணவு முட்டையைப் பற்றி எழுதியதற்கு, "உங்களுக்கு நல்லதே கண்ணில் படாதா டீச்சர்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். படும் ஐயா. இந்த வாரம் ஆசிரியர்களுக்குச் செய்யப்பட்ட நல்லதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏலக் குரல்

மலர்க்கொடி கீரமங்கலத்துக்காரி. பூ விளைகிற மண். அவள் அப்பா அங்கே பூ மண்டியில் ஏலம் விட்டவர். "எங்கப்பா கூப்பிட்டா ஆலங்குடி பஸ்ஸே நின்னுரும்க்கா" என்பாள். அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்த முதல் நாள் அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, ரோட்டில் ஆடு ஓட்டிப்போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஒரு பழைய ஸ்கூட்டி, இந்தக் குரல். இவ்வளவுதான் அவள் குடும்பம்.

நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றவுடன் தனி அறை, சுழல் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். குளத்தூர்ப் பக்கத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். நான் ஒருத்தி, மலர்க்கொடி ஒருத்தி. பெருக்குவதற்கு ஆள் வராத நாளில் விளக்குமாறும் நான்தான்.

முன்பு எங்களுக்கு இரண்டு கட்டடம் இருந்தது. ஒன்றின் கூரையில் காரை பெயர்ந்து விழ, ஆபத்து என்று சொல்லி இடித்தார்கள். இடித்தது சரி. இடிப்பதற்கு ஜேசிபி ஒரே நாளில் வந்தது. கட்டுவதற்கு மட்டும் ஆண்டுகள் போயும் ஒரு சட்டி மணல் வரவில்லை. மிஞ்சிய ஓட்டுக் கட்டடத்தில் நடுச்சுவர் கிடையாது, ஒரே நீள ஹால். வடக்கே பார்த்து மூன்று வகுப்போடு மலர்க்கொடி, தெற்கே பார்த்து இரண்டு வகுப்போடு நான். அவள் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். நான் சோழர் காலத்தில் இருந்தால் அவள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு என் பக்கம் திரும்பும். அவள் குரலை உயர்த்துவாள். நான் அதற்குமேல் உயர்த்துவேன். அவள் அதற்கும் மேலே போவாள்.

இது போதாதென்று வாசலில் ரோடு. குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லாரிக்கும் நாங்கள் இருவரும் இன்னொரு கட்டை மேலே ஏறுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "சாப்பிடுறியா?" என்று கேட்டால்கூட அது சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். என் கணவர் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம் மனிதர்.

நான் ஆலமரமாக நின்ற கதை

பயிற்சி என்று எழுதியதும் எனக்குப் பழசெல்லாம் பொங்குகிறது. சர்வீஸ் முழுக்க என்னை வளர்த்தார்கள். வளர்த்து வளர்த்து என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

ஒரு காலத்தில் அட்டை வெட்டச் சொன்னார்கள். வண்ண அட்டை, பசை, கத்தரிக்கோல். நாள் முழுக்க வெட்டினோம். அடுத்து வந்த மேலதிகாரிக்கு அட்டை பிடிக்காது. களிமண் என்றார். பிசைந்தோம். பிறகு வந்தவர் பொம்மலாட்டம் என்றார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் செல்போனில். மதியத்துக்கு ஒரு தயிர்சாதப் பொட்டலமும், நாலு மணிக்கு ஆறிப்போன டீயும் மட்டும் கடைசிவரைக்கும் மாறவே இல்லை.

என் முதல் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு பயிற்சி வந்தது. "நடிப்பின் வழிக் கற்பித்தல்." அப்போது குளத்தூரில் குடியிருந்தோம். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். எனக்குக் கிடைத்தது ஆலமரம் வேஷம். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் என்மேல் வந்து உட்காரும் பறவைகள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்து வெளியே தெரிகிறது. சேலைத் தலைப்பை இழுத்துப் போடலாமென்றால் கை விரித்திருக்கிறதே. "டீச்சர், மரம் அசையக்கூடாது" என்றார் பயிற்சி கொடுத்தவர். அசையாமல் நின்றேன்.

இப்போதாக இருந்தால் அவரை ஒரு நிஜ மரத்திலேயே கட்டிப்போட்டிருப்பேன். அன்றைக்கு வயசு போதவில்லை.

அந்த ஹாலில் இருந்த யாரும் என்னிடம், "டீச்சர், வீட்டுல கைக்குழந்தை இருக்குதா? போய்ப் பால் குடுத்துட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் நலத்துக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சரி, மலர்க்கொடிக்கு வருகிறேன். மகிழ்ச்சிப் பயிற்சி முடிந்த மறுநாளே அவளைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலில் அந்தக் கம்மிய குரலில் முரண்டு பிடித்தாள். "தொண்டைக் கட்டுக்கு யாராச்சும் திருச்சிக்குப் போவாங்களாக்கா? அவரு துபாய்லருந்து மிட்டாய் அனுப்பியிருக்காரு, அதச் சப்புனா போயிரும்." மிட்டாயைச் சப்பிச் சப்பி நாக்குத்தான் சிவந்திருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒரு குழாயை உள்ளே விட்டு, தொண்டைக்குள் இருப்பதை டிவியில் காட்டினார். குரல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகப் புடைத்திருந்தது.

"மம்பட்டி பிடிச்சா உள்ளங்கை காய்ச்சுப்போகும்ல, அது மாதிரி" என்றார் டாக்டரம்மா. "என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சருங்க" என்றேன் நான்.

"அதானே பார்த்தேன்" என்றார். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. வாரத்துக்கு எத்தனை டீச்சரைப் பார்க்கிறாரோ.

பேசவே கூடாது, கிசுகிசுவென்றும் பேசக்கூடாது, நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். ஓய்வு கொடுத்தால் தானே கரைந்துவிடும். கொடுக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டும். "கத்தி வெச்ச பிறகு குரல் எப்படி வரும்னு நான் கேரண்டி குடுக்க முடியாதும்மா. பழைய குரல் வராமலே போகலாம்" என்றார். மலர்க்கொடி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தண்ணீர் என்றதும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். எங்கள் பள்ளி பாத்ரூமுக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. அதனால் காலையில் அரைத் தம்ளர் காப்பியோடு வந்தால் சாயங்காலம் வீடு போய்த்தான் தண்ணீர். இதைத் திருச்சி டாக்டரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது, "மெடிக்கல் லீவு போட்டுரு" என்றேன். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் காட்டினாள்: "மாத்து ஆள் குடுப்பாங்களா?"

கொடுக்க மாட்டார்கள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் என் ஒருத்தி தலையில். அடுத்து என் தொண்டை. கீரனூர் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு யார்மேல் ஆத்திரப்படுவதென்றே தெரியவில்லை.

வாயைக் கட்டியது

மறுநாள் காலையில் அவளே ஒரு வழி கொண்டுவந்தாள். கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் சத்தம். நான் பாடம் நடத்தும்போது அவள் பக்கம் எழுத்து வேலை, படம் வரைவது, மனசுக்குள் படிப்பது. அவள் பக்கம் பாடம் நடக்கும்போது என் பக்கம் வாய் திறக்கக்கூடாது, நான் உட்பட. அவள் பக்கம் பாடம் என்றால் அவள் பேசமாட்டாள். கைச்சாடை. ஒரு தடவை கை தட்டினால் எழுது, இரண்டு தடவை தட்டினால் படி. மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை எழுந்து வாசிக்கும், மற்றதெல்லாம் பின்னால் சொல்லும்.

பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டன. நான் பழகத்தான் மாதக்கணக்கானது. கத்திப் பழகிய வாய், சும்மா இருக்கச் சொன்னால் அரிக்கிறது. நடுவில் ஒரு அதட்டல் போட வாயைத் திறப்பேன். மலர்க்கொடி அந்தப் பக்கத்திலிருந்து முறைப்பாள். மூடிக்கொள்வேன்.

பெரிய கூத்து என்னவென்றால், டீச்சர் கத்தாவிட்டால் பிள்ளைகளும் கத்துவதில்லை. ஹாலில் சத்தம் பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் வீட்டில் நான் சாதாரணமாகப் பேச, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் கணவர். மலர்க்கொடிக்கும் மெதுவாகக் குரல் எட்டிப் பார்த்தது. ஒரு நாள், "அக்கா, போய்ட்டு வாரேன்" என்று வாயால் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் அது அவள் குரல். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

அதிகாரி வந்தார்

அப்படியே விட்டிருந்தால் தானாகக் கரைந்திருக்கும். விடுவார்களா? எங்கள் வட்டாரத்து அதிகாரி பள்ளி பார்க்க வந்தார்.

வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் சுளித்தார். "என்ன டீச்சர் இது, எழவு வீடு மாதிரி கெடக்கு? ஆக்டிவிட்டி எங்க? பிள்ளைங்க கலகலன்னு இருக்க வேணாமா?"

நான் விளக்கினேன். சுவர் இல்லாததைச் சொன்னேன். தொண்டையைச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். இனிமே சத்தம் வரணும்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அவருக்கும் மேலே உள்ள ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஹாலுக்குள் கால் வைத்தார். மலர்க்கொடி இரண்டு தடவை கை தட்டினாள். மூன்றாம் வகுப்பு எழுந்து வாசித்தது. என் பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாவ்! என்ன ஒரு டிசிப்ளின்! இது என்ன மெத்தட்?" என்றார் அம்மா. செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

நம் அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். "மௌன வகுப்பறை மேடம். நம்ம பிளாக்ல நான்தான் ட்ரை பண்ணச் சொன்னேன்."

எழவு வீடு எப்படி மௌன வகுப்பறை ஆனது பார்த்தீர்களா! என் வாய் வரைக்கும் வந்தது. மலர்க்கொடி பாடம் நடத்திக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன்.

சுவர் இல்லை என்று நான் அதிகாரியிடம் சொன்னது அந்த வீடியோவில் இல்லை. வீடியோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரமே உத்தரவு வந்தது. வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் மௌன வகுப்பறை பற்றிப் பயிற்சி. அணி அணியாக. கருத்தாளர், அதாவது முழு நாளும் மேடையில் நின்று பேசவேண்டியவர், மலர்க்கொடி.

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். தொண்டை போனதால் பேசாமல் இருந்தவளை, பேசாமல் இருப்பது எப்படி என்று நாள் முழுக்கப் பேசச் சொன்னார்கள். இந்த மூளை நம் அலுவலகங்களில் மட்டும்தான் விளையும்.

பொன்னாடை

"போகாத" என்றேன்.

அவளுக்குப் போக ஆசை. பொய் சொல்வானேன், யாருக்குத்தான் இருக்காது? ஓட்டுக் கட்டடத்துக்குள் ஒருத்தி என்ன செய்கிறாள் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. முதல் தடவையாக அவள் பெயரை உத்தரவில் அச்சடித்திருந்தார்கள். "பணிசார் வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு டீச்சர், விட்டுறாதீங்க" என்று அதிகாரி வேறு போனில் ஐஸ் வைத்திருந்தார்.

"ஒரு நாள்தானக்கா. எங்கப்பாகிட்டச் சொன்னேன், அப்பாவுக்கு அவ்வளவு சந்தோசம்" என்றாள். அரக்குக் கரை போட்ட புதுச் சேலையில் போனாள்.

நான் பள்ளியில் ஐந்து வகுப்போடு தனியாக இருந்தேன். நடந்ததை அங்கே போயிருந்தவர்கள்தான் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். மைக்கை வாங்கி இவள் வணக்கம் சொன்னதும் மைக் கொர்ரென்று ஒரு சத்தம் போட்டுச் செத்துப்போனது. பின்வரிசையிலிருந்து, "கேக்கலை டீச்சர்" என்றார்கள். அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், சத்தமா பேசுங்க, ஒங்க கிளாஸ் மாதிரி நெனச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றாராம்.

தன் வகுப்பில் அவள் பேசுவதே இல்லை என்பதைச் சொல்லத்தானே அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்!

ஏலக்காரர் மகள் அல்லவா, விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்த மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசினாள். நன்றியுரைக்கு முன்னால் குரல் உடைந்தது. இருமினாள். எச்சிலில் ரத்தம் வந்தது.

டாக்டரம்மா இந்தத் தடவை டிவியைத் திருப்பிக் காட்டவில்லை. "ஒங்களுக்கு ஒரு தடவை சொன்னா புரியாதாம்மா?" என்று என்னைத்தான் திட்டினார். முழு லீவு. ஒரு வார்த்தை பேசக்கூடாது. இன்னொரு தடவை இப்படிப் பேசினால் கத்திதான், பிறகு குரலை மறந்துவிடுங்கள் என்றார். சான்றிதழை வாங்கிக் கையோடு அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே இரண்டாவது உத்தரவு வந்தது. அடுத்த அணிக்குப் பயிற்சி நாளை மறுநாள். கருத்தாளர், மலர்க்கொடி.

போன்

மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தது லீவு விண்ணப்பம் கொடுக்க. நான் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அதிகாரியே எடுத்தார்.

"சார், டீச்சரை என்னால விடுவிக்க முடியாது. மெடிக்கல் லீவு. சர்ட்டிபிகேட் அனுப்பியிருக்கேன்."

"சர்ட்டிபிகேட் யாருதான் டீச்சர் குடுக்கல? ட்ரெய்னிங்னா எல்லாருக்கும் எதாச்சும் ஒண்ணு வந்துரும். மண்டபம் சொல்லியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு. மேடம் வேற வாராங்க. டீச்சர் பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க."

மலர்க்கொடியைப் பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"டீச்சர், வணக்கம். ஒரு நாள்தான் டீச்சர், எனக்காக வந்துருங்க. ஹலோ?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஹலோ, ஹலோ? டீச்சர், ஒண்ணும் கேக்கலை. அங்கிட்டு டவர் சரியில்லைன்னு நெனைக்கிறேன்."

போனைப் பிடுங்கினேன்.

"டவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க கேட்டதுதான் டீச்சர் குரல். அம்புட்டுத்தான் மிச்சம் இருக்கு. அதையும் வேணும்னா சொல்லுங்க, வழிச்சு அனுப்பி வைக்கிறேன்."

சரி, மனிதர்தானே, உறைத்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அப்படியா... சரி, அவங்க லீவு எடுத்துக்கட்டும். டீச்சர், ஒங்க குரல் நல்லா கணீர்னு இருக்கே. நீங்க வந்துருங்களேன்?"

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கி ரோட்டில் போகிற லாரிக்கு அடியில் எறிந்திருப்பேன். மலர்க்கொடி இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "வாரேன் சார். கட்டாயம் வாரேன்."

(மலர்க்கொடிக்குக் கத்தி வைக்கவேண்டி வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள். இரண்டு கோடை போனபிறகு குரல் வந்தது. பாட்டு வரவில்லை.)

மைக் வேலை செய்த நாள்

அன்றைக்குப் பார்த்து மைக் சுத்தமாக வேலை செய்தது. பள்ளியை ஒரு நாளைக்குப் பக்கத்து ஊர் சார் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒரே ஒரு நாள் ஆள் கொடுத்தார்கள், அதுவும் பேசப் போவதற்கு.

மேலே பேனரில் மௌன வகுப்பறை என்று கொட்டை எழுத்து. பொன்னாடை போர்த்த வந்தார் அதிகாரி. "இருக்கட்டும் சார், வெயிலு" என்று மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. மௌன வகுப்பறையை எப்படிக் கண்டுபிடிச்சோம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க, சொல்றேன். எங்க பள்ளிக்கூடத்துல நடுச்சுவர் இல்ல. ஒரே ஹால்ல ரெண்டு பேரு கத்துனோம். தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காமக் கத்துனோம். ஒருத்திக்குத் தொண்டை போச்சு. போனதால பேசாம இருந்தா. இதுக்குப் பேருதான் புதுமைன்னு சொல்லி ஒங்களையெல்லாம் இங்க ஒக்கார வெச்சிருக்காங்க. அவளும் பேச வந்தா, ஒரு நாள் முழுக்கப் பேசுனா. இப்ப மிச்சமும் போச்சு. அதனால நான் வந்திருக்கேன். அவ்வளவுதாங்க ட்ரெய்னிங்."

அதிகாரி மேலதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் செல்போனைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றேன். "இங்க சாயங்காலம் ஆனா யாருக்கெல்லாம் தொண்டை கட்டுது?"

யாரும் கையைத் தூக்கவில்லை. எல்லாரும் அதிகாரியின் முதுகைப் பார்த்தார்கள். பிறகு குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் எழுந்தார். "எனக்குங்க" என்றார். ஆம்பளைக் குரல் மாதிரி கரகரவென்று இருந்தது. "அஞ்சு வருசமா இப்படித்தான். வீட்டுல போன் எடுத்தா சார்னு கூப்பிடுறாங்க."

பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். "எனக்கும்தான். நான் சூடத்தை நெஞ்சுல தேச்சுக்கிட்டுப் படுக்குறேன்." ஒரு சார் எழுந்து பேச வாயெடுத்து, இருமிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. மண்டபம் முழுக்க ஒரே பேச்சு. நல்ல குரல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கம்மியது, உடைந்தது, காய்த்தது. நான் இத்தனை வருடம் இவர்களோடு டீ குடித்திருக்கிறேன். ஒருத்தரும் ஒருத்தரிடமும் இதைச் சொன்னதில்லை.

அதிகாரி துள்ளி எழுந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "டீச்சர்ஸ்! ப்ளீஸ்! சைலன்ஸ்! அமைதியா இருங்க! மேடம் இருக்காங்க!"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். அவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள். கத்திக்கொண்டே இருந்தார் மனிதர். முகம் சிவந்து, குரல் பிசிறி, கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு லொக்கு லொக்கென்று இருமினார்.

முன்வரிசையில் இருந்த ஒரு டீச்சர், தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கத்தாதீங்க சார்" என்றார், அந்தக் கம்மிய குரலில். "எங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."